போப்பார்ட் பட்டறையும் ஐந்து பிள்ளைகளும்: தோனெட் குடும்பத்தின் நாற்காலித் தொழில்

சின்ன ஊரில் ஒரே குடும்பம் நடத்திய மரச்சாமான் தொழில் தலைமுறைகள் தாண்டி நின்றதுண்டா, நின்றிருந்தால் எதனால் நின்றது என்பது கேள்வி. உண்டு. அதில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட ஒன்று தோனெட் குடும்பத்தின் கதை. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள போப்பார்ட் என்ற சிற்றூரில் 1819-ல் ஒரு தச்சுப் பட்டறையாகத் தொடங்கியது. 2019-ல் அதே பெயர் கொண்ட நிறுவனம், ஃபிராங்கன்பெர்க் என்ற இன்னொரு சிற்றூரில் 200 ஆண்டு நிறைவு கொண்டாடியது. வளைந்த முதுகும் பிரம்பு பின்னிய வட்ட இருக்கையும் கொண்ட வியன்னா காபிக்கடை நாற்காலியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது இவர்கள் செய்ததுதான்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாற்காலியின் அழகைப் பற்றியே எழுதுகிறார்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொழில் நின்றதற்குக் காரணம் வேறு. மரம் எங்கே இருக்கிறது, கூலி எவ்வளவு, ஒரு பெட்டியில் எத்தனை நாற்காலி அடங்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு அவர்களைத் திரும்பத் திரும்பச் சிற்றூர்களுக்கே கொண்டுபோனது.

மிஷாயேல் தோனெட் 1796-ல் போப்பார்டில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். மகன் தச்சு பழகி, 23 வயதில் சொந்தப் பட்டறை போட்டார். அடுத்த வருஷமே கல்யாணம். பதின்மூன்று குழந்தைகள் பிறந்து, ஆண்களில் ஐந்து பேர்தான் தங்கினார்கள். இந்த ஐந்து பேரும் பிற்பாடு தொழிலுக்கு வருகிறார்கள்.

அந்தக் காலத்தில் நாற்காலிக்கு வளைந்த கால் வேண்டுமென்றால், பெரிய பலகையை எடுத்து, வளைவாக வெட்டி, செதுக்கி, கழுந்தும் துளையுமாகச் சேர்க்க வேண்டும். பாதி மரம் சீவலாகப் போய்விடும். நேரான நாரை வளைவாக வெட்டினால் குறுக்கே நார் அறுந்த இடத்தில் பலமும் இருக்காது. தோனெட் 1830-களில் வேறு வழி பார்த்தார். மெல்லிய மரத்தகடுகளைக் கட்டாகச் சேர்த்து, சூடான வஜ்ஜிரப் பசையில் வேகவைத்து, அச்சில் வைத்து வளைத்துக் காயவிட்டார். 1836 வாக்கில் இந்த முறையில் ஒரு முழு நாற்காலியே செய்துவிட்டார். எடை குறைவு, மரச் செலவும் குறைவு. பசைதான் உயிர் என்பதால், ஊருக்குப் பக்கத்தில் ஒரு பசை ஆலையையும் வாங்கிப் போட்டார்.

இதுவரை சாமர்த்தியம். அப்புறம் வந்தது கடன். இந்த முறையை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளாமல் இருக்க நாடு நாடாகக் காப்புரிமைக்கு அலைந்தார். போப்பார்டை அன்று ஆண்ட பிரஷ்ய அரசு தரவில்லை. செலவுக்குப் பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். போப்பார்ட் மாதிரி ஓர் ஊரில் எத்தனை பேர் நாற்காலி வாங்கிவிடப் போகிறார்கள்? திறமைக்கும் சந்தைக்கும் நடுவே இருந்த இடைவெளி அவரை விழுங்கப் பார்த்தது.

1841-ல் பக்கத்து கோப்லென்ஸ் நகரத்தில் ஒரு கண்காட்சி. ஆஸ்திரியப் பேரரசின் மந்திரி மெட்டர்நிக் பிறந்த ஊர் அது. அவர் தோனெட்டின் சாமான்களைப் பார்த்துவிட்டு, போப்பார்டிலேயே இருந்தால் கடைசிவரை ஏழையாகத்தான் இருப்பீர், வியன்னாவுக்கு வாரும் என்று சொன்னதாகக் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். வார்த்தை அப்படியே இருந்ததோ இல்லையோ, தோனெட் கிளம்பினார். 1842 ஜூலையில் வியன்னா அரசு அவருக்கு உரிமைப் பத்திரம் கொடுத்தது: எவ்வளவு முறியும் தன்மையுள்ள மரமானாலும் வேண்டிய வடிவில் வளைக்கும் உரிமை. அதே வருஷம் போப்பார்டில் கடன்காரர்கள் சொத்தை ஜப்தி செய்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆக, "போப்பார்டின் பெருமை" என்று இன்று அந்த ஊர்க் கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் மனிதர், அந்த ஊரில் நொடித்துப் போய் வெளியேறியவர்தான்.

வியன்னாவில் உடனே முதலாளி ஆகிவிடவில்லை. கார்ல் லைஸ்ட்லர் என்ற பெரிய மரச்சாமான் உற்பத்தியாளரிடம் பிள்ளைகளோடு சேர்ந்து வேலை பார்த்தார். லீக்டென்ஸ்டைன் அரண்மனையைப் புதுப்பிக்கும் வேலை, 1843 முதல் 1846 வரை. தரைக்கு மரவேலை, மெல்லிய நாற்காலிகள். ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரு காலத்தில் சொந்தப் பட்டறை வைத்திருந்தவர் இன்னொருவரிடம் கைநீட்டிக் கூலி வாங்குவது லேசான காரியமில்லை. ஆனால் அந்த நாட்களில்தான் பெரிய இடத்து வாடிக்கையாளர்களின் பழக்கம் கிடைத்தது, பிள்ளைகளும் வேலையில் தேறினார்கள். 1849-ல் மறுபடி சொந்தப் பட்டறை. வியன்னாவில் டாவும் என்ற காபிக்கடைக்கு நாற்காலிகள், புடாபெஸ்டில் ஒரு ஹோட்டலுக்கு 400 நாற்காலிகள் என்று ஆர்டர் வந்தது. 1851-ல் லண்டன் பெருங்கண்காட்சியில் வெண்கலப் பதக்கம்.

1853-ல் தோனெட் செய்த காரியம் குடும்பத் தொழில் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது. உயிரோடு, நல்ல தெம்போடு இருக்கும்போதே நிறுவனத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றினார். பெயரே "தோனெட் சகோதரர்கள்" என்று ஆனது. மூத்தவர் ஃபிரான்ஸுக்கு அப்போது 33 வயது. கடைக்குட்டி யாகோபுக்குப் பன்னிரண்டு! வேலையாட்கள் நாற்பது பேர் சொச்சம். கடிவாளம் என்னவோ அப்பா கையில்தான் இருந்தது, ஆனால் சட்டப்படி சொத்து ஐந்து பேருக்கும் பொது. நம் ஊர்களில் அப்பா கண்ணை மூடிய பிறகு பாகப்பிரிவினையில் கடை இரண்டாக, மூன்றாக உடைவதைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். 1871-ல் மிஷாயேல் இறந்தபோது தொழிலில் ஒரு சின்னத் தடங்கல்கூட வரவில்லை.

இனி தொழில்நுட்பத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது புரியாமல் ஊர் மாற்றம் புரியாது. தகடு ஒட்டும் முறையில் ஒரு பலவீனம் இருந்தது. விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசைக்கு ஈரம் ஆகாது. கப்பலில் கடல் கடந்து, வெப்பமும் புழுக்கமும் உள்ள நாடுகளுக்குப் போனால் ஒட்டு விட்டுவிடும். ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் பசையே இல்லாமல், முழு மரக்கம்பையே வளைக்க வேண்டும்.

முழுக்கம்பை வளைப்பதில் என்ன சிக்கல்? நல்ல தடிமனான மூங்கிலை வளைத்துப் பார்த்தால் வெளிப்பக்கம் நார் பிளந்து எழும், உள்பக்கம் கசங்கும். மரமும் அப்படித்தான். நீராவியில் வேகவைத்த மரம் நசுங்கத் தயார், நீளத்தான் தயாரில்லை. வெளிப்பக்கம் நீள முடியாமல்தான் வெடிக்கிறது. தோனெட்டின் யோசனை இது: கம்பின் வெளிப்பக்கமாக ஓர் எஃகுப் பட்டையை வைத்து, இரண்டு முனையிலும் இறுக்கிப் பூட்டிவிட்டு அப்புறம் வளை. எஃகு நீளாது. அதனால் வெளிப்பக்க மரமும் நீள வழியில்லை. வளைவு முழுவதும் உள்பக்கம் நசுங்குவதாலேயே கிடைக்கிறது. வளைத்ததை இரும்பு அச்சிலேயே பூட்டிக் காயவைத்து எடுத்தால் அந்த வடிவம் அப்படியே நிற்கும். செய்முறை இவ்வளவுதான். இந்த எஃகுப் பட்டை முறையில்தான் இன்றும் மரம் வளைக்கிறார்கள். 1856-ல் இதற்கு 13 வருஷ உரிமை கிடைத்தது.

எல்லா மரமும் இதற்கு ஒத்துவராது. ஐரோப்பியக் காடுகளில் வளரும் பீச் (beech) மரம் ஒத்துவந்தது: நேரான நார், முடிச்சு குறைவு, வேகவைத்தால் நன்றாக வளையும். பார்க்கப் பெரிய அழகில்லாத, விறகுக்குப் போய்க்கொண்டிருந்த மரம். ஈட்டி, மஹோகனி மாதிரி தோற்றம் வேண்டுமென்றால் சாயம் ஏற்றிக்கொள்ளலாம்.

பீச் காடு வியன்னாவில் இல்லை, மொராவியாவில் இருந்தது. இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதி அது. 1856-ல் கோரிச்சானி என்ற சிற்றூரில் ஆலை கட்ட ஆரம்பித்தார்கள். ஊரைச் சுற்றிக் காடு. மக்களுக்கு விவசாயம் தவிர வேறு பிழைப்பு அதிகமில்லை, கூலி வியன்னாவைவிடக் குறைவு. போப்பார்டில் தோற்ற மனிதர், அதைவிட ஒதுக்குப்புறமான ஊரைத் தேடிப் போனார். இந்த முறை ஊரை நம்பி விற்கப் போகவில்லை, அங்கிருந்து மரத்தையும் உழைப்பையும் எடுக்கப் போனார். விற்பனை வியன்னாவில், பாரிஸில், கடல் கடந்து.

இன்னொன்றும் மாறியது. அங்கே தச்சர்கள் தேவைப்படவில்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒருவர் கம்பு அறுப்பார், ஒருவர் கடைவார், பலசாலி ஆண்கள் ஜோடியாக நின்று நீராவிப் பெட்டியிலிருந்து சூடாக எடுத்த கம்பை வளைப்பார்கள். தேய்ப்பது, சாயம் ஏற்றுவது, மெருகு போடுவது பெரும்பாலும் பெண்கள். இருக்கைக்குப் பிரம்பு பின்னும் வேலை வீடுகளுக்குப் போனது. நேற்றுவரை வயலில் நின்றவர் சில வாரங்களில் ஒரு வேலையைப் பழகிவிடலாம். தொழிலாளிக்கு இது நிலையான வருமானம். கூடவே, முழு நாற்காலி செய்யத் தெரிந்த ஒருவர்கூட அந்த வரிசையில் தேவையில்லை என்ற நிலை. மிஷாயேல் தோனெட் தானே ஒரு தச்சர். தச்சுத் தொழிலையே தேவையில்லாமல் ஆக்கிய ஆலையை ஒரு தச்சர் கட்டினார் என்பதை இவர்களுடைய புகழ்பாடல்களில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

1859-ல் வந்தது 14-ம் எண் நாற்காலி. இவர்கள் நாற்காலிக்குப் பெயர் வைக்கவில்லை, எண்தான். சில வருஷங்களில் அதன் அமைப்பு நிலைத்தது: ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பின்னங்கால் இரண்டும் முதுகின் வெளிவளைவும் சேர்ந்து ஒரே நீளக் கம்பு. உள்வளைவு ஒன்று, இருக்கை வளையம் ஒன்று, கால்களைப் பிணைக்கும் கீழ்வளையம் ஒன்று, முன்னங்கால் இரண்டு. கழுந்து வெட்டிப் பசை போட்டுச் சேர்ப்பது இல்லை, எல்லாம் திருகி முடுக்குவது. கழற்றிப் போட்டால் ஒரு கனமீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும்.

இந்த 36 என்ற எண்ணைத்தான் தொழிலின் இதயம் என்பேன். முழு நாற்காலியாக அனுப்பினால் கப்பல் கூலியில் பாதிக்குமேல் காற்றுக்குக் கொடுக்கிறோம். கழற்றி அனுப்பினால் மொராவியக் காட்டு மரம் தென்னமெரிக்காவில்கூட உள்ளூர்த் தச்சரைவிட மலிவாக இறங்கும். வந்து இறங்கிய இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கால் உடைந்தால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம். பெட்டியில் அடைத்து விற்கும் மரச்சாமான் என்றதும் இன்று நினைவுக்கு வரும் ஐக்கியா என்ற ஸ்வீடன் நிறுவனத்துக்கு ஏறத்தாழ நூறு வருஷம் முந்திய விஷயம் இது. 1867 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். 1930-க்குள் 14-ம் எண் ஐந்து கோடி விற்றதாகச் சொல்வது வழக்கம்.

அதன்பிறகு ஆலைமேல் ஆலை. 1861-ல் மொராவியாவிலேயே பிஸ்திரிட்சே, 1865-ல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் காட்டோடு சேர்த்து ஒரு எஸ்டேட்டையே வாங்கி அங்கே ஒன்று, அப்புறம் ஹாலென்கோவ், விசெத்தீன், ரஷ்யாவின் வசமிருந்த போலந்துப் பகுதியில் ஒன்று, 1889-ல் ஜெர்மனியின் ஃபிராங்கன்பெர்க். பட்டியலைப் பார்த்தால் ஒரு பெருநகரம்கூட இல்லை. சொந்தக் காடு, சொந்த மரம் அறுக்கும் மில். 1900 வாக்கில் சுமார் 6,000 பேர் வேலை பார்த்தார்கள், தினம் 4,000 உருப்படி வெளியே போனது.

போட்டி வராமலா இருக்கும்? 1869-ல் 13 வருஷ உரிமை முடிந்தது. அதே வருஷம் யாகோப் கோன், யோசெப் கோன் என்ற இருவரின் நிறுவனம் விசெத்தீனில் ஆலை திறந்தது. 1893-க்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வளைமர நாற்காலி செய்துகொண்டிருந்தன. அதில் கோன் வெறும் நகல்காரர் இல்லை. 1899-ல் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் வியன்னாவில் வடிவமைத்த மியூசியம் காபிக்கடைக்கு நாற்காலி செய்தது கோன்தான். யோசெப் ஹாஃப்மான் மாதிரி புதுமைக்காரர்களை முதலில் பிடித்ததும் அவர்களே. புதிய வடிவமைப்பில் அந்த நாட்களில் தோனெட் சகோதரர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதே என் கணிப்பு. பெரிய ஆலை, பழைய மாடல், நன்றாக விற்கிறது, எதற்கு மாற்றுவது என்ற மனநிலை.

முதல் உலகப்போர் முடிந்தபோது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு இல்லை. தலைமை அலுவலகம் ஆஸ்திரியாவில், ஆலைகள் செக்கோஸ்லோவாக்கியாவில், போலந்தில். நேற்றுவரை ஒரே நாட்டுக்குள் ஓடிய சரக்கு இன்று எல்லை தாண்டி வரி கட்ட வேண்டும். இங்கேதான் "இடைவிடாத குடும்பத் தொழில்" என்ற விளம்பர வாசகத்தில் ஓட்டை விழுகிறது. 1921-ல் பங்கு நிறுவனமாக மாறினார்கள். அடுத்த ஓரிரு வருஷத்தில், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த கோன், முண்டுஸ் என்ற வளைமர நிறுவனங்களோடு இணைப்பு. எந்த கோனோடு அரை நூற்றாண்டு மல்லுக்கட்டினார்களோ அதே கோனோடு ஒரே கூரை. கட்டுப்பாடு லியோபோல்ட் பில்சர் என்ற தொழிலதிபர் கைக்குப் போனது. தோனெட் பெயர் நாற்காலியில் இருந்தது, தீர்மானிக்கும் கை குடும்பத்துடையது அல்ல.

ஆனால் அந்தக் காலத்தில்தான் நிறுவனம் மறுபடி துணிச்சல் காட்டியது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1925 பாரிஸ் கண்காட்சியில் தன் மாதிரி வீட்டில் தோனெட் நாற்காலியைப் போட்டார். 1929-ல் எஃகுக்குழாய் நாற்காலி செய்த ஸ்டாண்டர்ட் மொபெல் என்ற சிறு நிறுவனத்தைத் தோனெட் வாங்கியது. எஃகுக்குழாய் நாற்காலிகளை வடிவமைத்த மார்செல் பிராயரின் வடிவமைப்புகள் அப்படித்தான் வந்து சேர்ந்தன. பின்னங்காலே இல்லாமல் வளைந்து நிற்கும் நாற்காலி யாருடையது என்று வழக்கு நடந்து, 1932-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மரக்கம்பை வளைத்தவர்கள் இரும்புக்குழாயை வளைக்கப் பழகிய இடம் ஃபிராங்கன்பெர்க்.

பில்சர் யூதர். 1938-ல் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனதும் அவர் அமெரிக்கா போனார். ஐரோப்பிய ஆலைகள் தோனெட் குடும்பத்தின் கைக்குத் திரும்பின, அமெரிக்கத் தொழில் அவரிடம் இருந்தது. நிறுவன வரலாறுகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டுக் கிளம்பும் ஒருவர் செய்யும் சொத்து மாற்றத்தைச் சாதாரண வியாபாரம் என்று ஒரு வரியில் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திரும்பி வந்ததும் நிலைக்கவில்லை. 1945 மார்ச்சில் ஃபிராங்கன்பெர்க் ஆலை குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா, போலந்து அரசுகள் தங்கள் எல்லைக்குள் இருந்த ஆலைகளை நாட்டுடைமை ஆக்கின. குடும்பத்துக்கு மிஞ்சியது பெரும்பாலும் ஒரு இடிபாடு. அந்த இடிபாட்டின் மேல்தான் மிஷாயேலின் கொள்ளுப்பேரன் கியோர்க் தோனெட் மறுபடி கட்டினார். 1889-ல் ஏழு ஆலைகளில் ஒன்றாகத் தொடங்கிய, எந்தச் சிறப்பும் இல்லாத சிற்றூர் ஆலையே கடைசியில் குடும்பத்தின் ஒரே பிடிமானம். இதில் சாமர்த்தியத்தைவிட எல்லைக்கோடு எந்தப் பக்கம் விழுந்தது என்பதே பெரிது. ஐந்தாம் தலைமுறைவரை குடும்பத்தினர் அங்கே நிர்வாகத்தில் இருந்தார்கள்.

இன்று அந்தப் பழைய தொழிலுக்குப் பல வாரிசுகள். வியன்னா கிளை 1976-ல் ஜெர்மன் நிறுவனத்திலிருந்து பிரிந்து, பின்னால் இத்தாலியர் கைக்குப் போனது. பிஸ்திரிட்சே ஆலை 1953 முதல் டான் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே இன்றும் ஆட்கள் ஜோடியாக நின்று சூடான பீச் கம்பை வளைத்து அதே 14-ம் எண்ணைச் செய்கிறார்கள். ஃபிராங்கன்பெர்க்கில் அதே நாற்காலிக்கு எண் 214. குடும்பப் பெயரில் வருவது ஒன்று, குடும்பம் கட்டிய ஆலையில் வருவது ஒன்று. எது "அசல்" என்று கேட்டால் இரண்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள்.

இந்தியாவில் இந்த வகை நாற்காலியைப் பார்க்க வேண்டுமென்றால் மும்பையின் பழைய இரானி ஹோட்டல்களுக்குப் போகலாம். மத்திய ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வளைமர நாற்காலிகள் அங்கே இன்னும் சில இடங்களில் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய சாமான் கடையில் ஒன்று அகப்பட்டால் கவிழ்த்துப் போட்டு, இருக்கை வளையத்தின் உள்விளிம்பைப் பாருங்கள். தோனெட் என்றோ கோன் என்றோ முண்டுஸ் என்றோ பதித்த முத்திரையோ கிழிந்த காகித லேபிளோ இருக்கலாம். ஸ்க்ரூ எங்கேயாவது ஆணியாக மாறியிருந்தால் யாரோ உள்ளூரில் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். இருக்கைப் பிரம்பு பிய்ந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பிரம்பு பின்னுகிறவரிடம் கொடுத்தால் அவர் புதிதாகப் பின்னித் தந்துவிடுவார். வளையமே வெடித்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், அதை இங்கே வளைத்துத் தர ஆள் கிடைப்பது கஷ்டம்.